சிங்கப்பூர் போவதற்காக வயிற்றைச் சுத்தம் செய்த கதை

முதலிலேயே மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அந்த அஞ்சாவதிலும் பாதி நாள் அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தேன். எந்த இடத்தில் ஒற்று வரும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தது அந்தப் பாதி நாளில்தான் என்று நினைக்கிறேன். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் வேறு தெருவில் போய் நிற்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரியவர்கள் சங்கத்து மலரில், வெளிநாடு போகும்போது உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று, போய் வந்தவர்கள் எழுத வேண்டுமாம். மீட்டிங்கில் கேட்டபோது எல்லாரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. (நான் எந்த மீட்டிங்கிலும் கை தூக்கினது இல்லை. ஃபேன் காற்று வரலைன்னு சொல்லக்கூட தூக்கினது இல்லை.) சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "நீங்க ஏம்மா பேசாம இருக்கீங்க, நீங்களும்தான் சிங்கப்பூர் போனீங்க, எழுதுங்க" என்று என் பேரையும் சேர்த்துவிட்டார்கள். கை தூக்கியிருந்தால் தப்பித்திருப்பேனோ என்னவோ.

மற்றவர்கள் நல்ல நல்ல யோசனையாக எழுதுவார்கள். என்னிடம் இருப்பது ஒரு கதைதான். அதையும் எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. அப்போது நாங்கள் மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழ் போர்ஷனில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆன பிறகும் வேலையை விடவில்லை. பால்காரர், பேப்பர்காரர், நான், எல்லாரும் எத்தனை மணிக்கு வந்தோம் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு ஒரே பெண், கீதா. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அவளுக்கு அது தலைப்பிரசவம். வழக்கப்படி இங்கே அழைத்து வந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்குப் பிரஷர் ஏறி, விமானத்தில் ஏறவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால் நான் போக வேண்டும் என்று ஆனது. தனியாக. அதுவரைக்கும் நான் தனியாகப் போன தூரம் பாண்டி பஜார்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. மாடி வீட்டுப் பங்கஜம் மாமி வீட்டுக்குத்தான் கீதா பேசுவாள். நான் மாடி ஏறிப் போய்ப் பேசுவேன். மாமி பக்கத்திலேயே நின்று கேட்பாள்.

"அம்மா, டிக்கெட் அனுப்பியாச்சு. நீ அப்பளம், ஊறுகா எதுவும் தூக்கிட்டு வர வேணாம். நல்ல உடம்போட வந்து சேரு, அது போதும்."

"என் உடம்புக்கு என்னடி?"

"இங்க ஆஸ்பத்திரின்னு போனா நம்மளால தாங்க முடியாதும்மா. நானே படுத்திருப்பேன். நீயும் படுத்துட்டா இவரு ஒத்த ஆளு, யாரைன்னு பார்ப்பாரு?" அப்புறம், "எனக்கு பயமா இருக்கும்மா" என்றாள்.

கீதா சின்ன வயதில் கரப்பான்பூச்சியைக் கையால் பிடிப்பவள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. போனை வைத்ததும் முடிவு செய்தேன். என்ன ஆனாலும் நான் நோயில்லாமல் போய் இறங்க வேண்டும்.

முதலில் லஸ்ஸில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் பிரஷர் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "நல்லா இருக்கீங்க. காய்ச்சின தண்ணி குடிங்க, சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுங்க, விமானத்துல அப்பப்போ எழுந்து நடங்க. கிளம்பற நேரத்துல புதுசா எந்த மருந்தும் சாப்பிடாதீங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு மாத்திரைகூட எழுதித் தரவில்லை. நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். "வேற என்னம்மா?" என்றார். ஒன்றுமே எழுதித் தராத டாக்டரை நம்பி எப்படிக் கடல் தாண்டுவது? எழுந்து வந்துவிட்டேன்.

பங்கஜம் மாமியிடம் சொன்னேன். மாமி சிரித்தாள்.

"இதுக்கெல்லாம் டாக்டர்ட்ட போவாளோ? எங்காத்துல யாரு தூர தேசம் கிளம்பினாலும் முதல் நாள் விளக்கெண்ணெய் குடிச்சு வயித்தை அலம்பிண்டுதான் கிளம்புவா. எங்க மாமியார் காசிக்குப் போறச்சே அப்படித்தான் போனா. ஒரு தும்மல் போடலையே! வயித்துல பழசு இருந்தாத்தாண்டி புது ஊர்த் தண்ணி சேராது."

இதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. பழைய சாமானை வைத்துக்கொண்டு புது வீட்டுக்கு யார் குடிபோவார்கள்?

அந்த வாரத்திலேயே என் வீட்டுக்காரரும் ஒரு தகவல் கொண்டு வந்தார். டிப்போவில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் துபாய் போய் வந்தாராம். "பிளேன்ல பாத்ரூம் தாழ்ப்பாள் வேற மாதிரியாம். உள்ள மாட்டிக்கிட்டா இங்கிலீஷ்லதான் கத்தணுமாம்" என்றார். எனக்கு வீட்டிலேயே தமிழில் கத்த வராது. அதனால் விமானத்தில் அந்தக் கதவுப் பக்கமே போகாமல் இருக்க ஒரு வழி செய்வது என்று முடிவு செய்தேன்.

ஆக எனக்கு இரண்டு மருந்து தேவைப்பட்டது. நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

"வயித்தைச் சுத்தம் பண்றதுக்கு ஒண்ணு வேணும். வயித்தைக் கட்டறதுக்கு ஒண்ணு வேணும்" என்று மெதுவாகச் சொன்னேன்.

கடைக்காரர், "ரெண்டு பேருக்கா?" என்றார்.

"ஒருத்தருக்குத்தான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, தனித்தனியாக் கட்டித் தர்றேன்" என்றார்.

இப்போது யோசித்தால் அவர் நல்ல மனுஷர். ஏதோ சொல்ல வந்தார். நான்தான் வெட்கப்பட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே கட்டுகிற மருந்தை ஆரம்பித்தேன். மாதுளந்தோலும் ஜாதிக்காயும் இடித்த தூள். மோரில் கலந்து காலையும் மாலையும். அது நன்றாக வேலை செய்தது. ரொம்ப நன்றாக வேலை செய்தது. அப்புறம் பயணத்துக்கு முதல் நாள் விடியற்காலையில், மாமி சொன்னபடி, வெறும் வயிற்றில், மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் குடித்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் கீழ் வரிசையில் மூன்று குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். நான் பேதிக்குச் சாப்பிட்டிருக்கிறேன் என்று மாமி எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். எல்லாரும் தங்கமான ஜனங்கள். அன்றைக்கு முழுக்க எனக்காகக் காலியாக வைத்திருந்தார்கள். பக்கத்துப் போர்ஷன்காரர் தன் பிள்ளைகளைத் தெருக்கோடியில் இருந்த தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். நான் போகவே இல்லை. கொல்லைப்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள்.

"வந்துதா தனம்?"

"இன்னும் வரலை."

சாயந்திரம் என் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். "வர வேண்டிய வண்டி வரலைன்னா, அடுத்த டிரிப்புல ரெண்டும் சேர்ந்து வரும். டிப்போவில நான் பார்க்காததா?" என்றார். எனக்குத் தைரியம் சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டார்.

மாமி மட்டும் கவலைப்பட்டாள். "குடிச்ச எண்ணெய் உள்ளேயே தங்கப்படாதுடி. அது விஷம். கார்த்தால இன்னொரு தடவை குடிச்சுடு. உனக்குச் சாயந்திரம்தானே பிளேன்? அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும்."

குடித்தேன்.

காலையில் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, சாமிக்குத் தேங்காய் உடைத்து, மூன்று குடித்தனக்காரர்களும் வாசலில் நின்று கையசைக்க, மத்தியானம் வாடகைக் காரில் ஏறினேன். டிரைவர் பெயர் துரை. வழியனுப்ப என் வீட்டுக்காரர் மட்டும். சொந்தக்காரர்கள் யாரும் வர வேண்டாம் என்று நான்தான் சொல்லிவிட்டேன். எல்லார் எதிரிலும் அழுதுவிடுவேனோ என்று பயம்.

கார் லஸ் சிக்னலில் நின்றது. வயிற்றுக்குள் யாரோ அண்டாவை நகர்த்துகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஏங்க" என்றேன்.

முன் சீட்டிலிருந்து, "என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க."

துரை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா சார், அம்மாவுக்கு மூஞ்செல்லாம் வேத்துக்கினு கீது? பிளேன்னா பயமா?"

"முதல் தடவை" என்றார் இவர்.

"பயப்படாதம்மா. ஏறி குந்திக்கினா பஸ்ஸு மாதிரிதான்."

பஸ் என்றதும் எனக்குத் தாங்கவில்லை. முன்னால் குனிந்து என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன். "ரெண்டும் சேர்ந்து வருதுங்க."

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடனே வாட்சைப் பார்த்தார். "மீனம்பாக்கம் வரைக்கும் தாங்குமா?"

"ஆழ்வார்ப்பேட்டை தாங்காதுங்க."

அப்போதுதான் அந்தக் கல்யாண மண்டபம் கண்ணில் பட்டது. வாசலில் வாழை மரம், உள்ளே மேளச் சத்தம். என் ஜென்மத்தில் முதல் தடவையாக உரக்கப் பேசினேன். "நிறுத்துங்க!" துரை போட்ட பிரேக்கில் என் வீட்டுக்காரரின் கண்ணாடி மடியில் விழுந்தது.

வாசலில் இரண்டு பெண்கள் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டேன். கற்கண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டேன். அங்கவஸ்திரம் போட்ட பெரியவர் ஒருவர் கைகூப்பி, "வாங்கம்மா வாங்க. பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்றார்.

"பொண்ணு வீடு" என்றேன். (பொய் இல்லை. பொண்ணு வீட்டுக்குத்தான் போய்க்கிட்டு இருந்தேன்.)

கல்யாண மண்டபங்களில் அந்த இடம் எங்கே இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், சமையல்கட்டுக்குப் பின்னால். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். அங்கே நடந்ததை எழுத வேண்டாம்.

வெளியே வந்தபோது எனக்குப் புதுப் பிறவி எடுத்த மாதிரி இருந்தது. நைசாக நழுவிவிடலாம் என்று பார்த்தால், சரிகைப் புடவை கட்டின ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முகூர்த்தத்துக்கே வரலை, இப்ப வந்தும் பின்பக்கமே நின்னா என்ன அர்த்தம்? வாங்க, மேடைக்கு வாங்க. போட்டோக்காரர் கிளம்பப் போறார்."

நான் யாரென்று அவர் நினைத்தார் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு எப்போதுமே வாய் வராது. மேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். களைத்துப் போயிருந்த பொண்ணு என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தது. அதன் தலையில் கை வைத்து, "நல்லா இரும்மா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அந்த நிமிஷம் நான் யாரை வேண்டுமானாலும் மனசார வாழ்த்தியிருப்பேன். பளிச்சென்று விளக்கு அடித்தது.

"சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார் அந்த அம்மா.

"இல்லைங்க, பிளேனுக்கு நேரமாச்சு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னை ரொம்பத் தமாஷான ஆள் என்று நினைத்துவிட்டார் போல. சாப்பாட்டுக்குப் பதிலாக என் கையில் தாம்பூலப் பையைத் திணித்தார். மஞ்சள் துணிப் பை. உள்ளே தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள்.

காரில் ஏறியதும் இவர் பையைப் பார்த்தார். "என்ன அது?"

"தாம்பூலம்."

"கக்கூசுக்குப் போனா தாம்பூலம் குடுக்கறாங்களா?"

துரை வண்டியை எடுத்துக்கொண்டே, "நம்ம ஏரியாவுல குடுக்க மாட்டான் சார்" என்றார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அது முதல் வண்டிதான். தேனாம்பேட்டை தாண்டி அண்ணா சாலையில் போகும்போது இரண்டாவது வண்டி வந்துவிட்டது. பையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

"ஏர்போர்ட்ல இருக்கும், கொஞ்சம் பொறு."

"முடியாதுங்க."

"நடு ரோட்ல நான் என்ன பண்றது? நந்தனத்துல நமக்கு யாரு இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டவரே வாயை மூடிக்கொண்டார்.

நந்தனத்தில் எங்களுக்கு ஆள் இருந்தது. அவருடைய சொந்த அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். டெலிபோன் ஆபீஸில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர். கீதா கல்யாணத்திலிருந்து எங்களோடு பேச்சு வார்த்தை இல்லை. நடந்தது இதுதான். நெருங்கின சொந்தத்துக்கெல்லாம் நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுக்க வேண்டும் என்று தனியாக எடுத்து வைத்திருந்தோம். தூரத்துச் சொந்தத்துக்குத் தபாலில் அனுப்ப இவர் ஸ்டாம்ப் ஒட்ட உட்கார்ந்தார். ஒட்டுகிற வேகத்தில் அக்காவுக்கும் ஒட்டிவிட்டார். உள்ளூரில் கூடப்பிறந்த அக்காவுக்குக் கல்யாணப் பத்திரிகை தபாலில் போய்ச் சேர்ந்தது. அண்ணி கல்யாணத்துக்கு வரவில்லை. 'என் தம்பி தங்கம், எல்லாம் வந்தவ சொல்லிக்கொடுத்தது' என்று சொன்னாராம். வந்தவள் நான்தான்.

"அவ வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்" என்றார் இவர்.

"நீங்க மிதிக்க வேணாம். நான் மிதிக்கிறேன்."

துரை வண்டியைத் திருப்பினார்.

நான் மணியை அழுத்தினேன். அழுத்தின கையை எடுக்கவில்லை. அண்ணி கதவைத் திறந்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். பட்டுப்புடவை. தலை நிறையப் பூ. நெற்றியில் சந்தனம். கையில் தாம்பூலப் பை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு?"

"அண்ணி…"

"நான் என்னடி கேட்டேன்? பவுன் கேட்டேனா, பட்டு கேட்டேனா? வாசல்ல வந்து நின்னு ஒரு வெத்தலை பாக்கு வச்சு அண்ணி வாங்கன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானே கேட்டேன்?"

"அண்ணி…"

"என் தம்பி பொண்ணு கல்யாணத்துக்கு எனக்குப் போஸ்ட்மேன் வந்து பத்திரிகை வைக்கிறான்! அவனாவது கதவைத் தட்டிக் கையில குடுத்தான்!"

"அண்ணி, பாத்ரூம்…"

"இன்னிக்காவது தோணிச்சே உனக்கு" என்று அவர் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தார். அதுதான் சமயம் என்று பையை அவர் கையில் திணித்துவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன். நல்ல வேளையாக அந்த வீட்டில் எது எங்கே என்று எனக்கு மறக்கவில்லை.

அண்ணி பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். இத்தனை வருஷத்து மனத்தாங்கல் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் புதுசாக வந்தபோது அவருக்கு ஆறிப்போன காப்பி கொடுத்தேனாம். "உண்டா இல்லையா?" என்றார். "உண்டு அண்ணி" என்றேன். அவர் மாமியார் செத்ததற்கு ஒரு நாள் தாமதமாக வந்தோமாம். "ஆமா அண்ணி" என்றேன். நானிருந்த நிலைமையில் எதைக் கேட்டாலும் ஆமா அண்ணிதான். தன் வாழ்க்கையில் யாரும் தன்னிடம் அவ்வளவு ஒத்துப்போனதில்லை என்று பிற்பாடு சொன்னார்.

அப்புறம் உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் பாதியில் நிறுத்தினார். வேறு குரலில் கேட்டார்.

"தனம், என்னடி குடிச்சே?"

"விளக்கெண்ணெய்."

"எப்போ?"

"நேத்தும் இன்னிக்கும்."

"எதுக்குடி?"

"சிங்கப்பூருக்கு, அண்ணி."

வெளியே வந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி ஒரு சொம்பில் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரோடு நின்றிருந்தார். "கடகடன்னு குடிக்காதே. வாய் வாயாக் குடி." அப்புறம் டிக்காஷனில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். அதை எந்த எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. குடித்தேன். குழையப் பிசைந்த தயிர் சாதம் ஒரு பிடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில், "இதைச் சொன்னது யாரு? அந்த மாடி வீட்டுக்காரிதானே? டாக்டர் என்ன சொன்னார்? கேட்டியா நீ?" என்று திட்டும் கொடுத்தார்.

"கீதாவுக்கு எப்போ?"

"இந்த வாரத்துலேயே இருக்கும்னு சொன்னாங்க அண்ணி." அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "உடம்பு முடியாதவங்களைப் பிளேன்ல ஏத்த மாட்டாங்களாம். திருப்பி அனுப்பிடுவாங்களாம். பயமா இருக்குன்னு சொன்னா அண்ணி. அவ பயமா இருக்குன்னு சொன்னதே இல்லை."

அண்ணி தன் முந்தானையை என் கையில் கொடுத்தார். அப்புறம், "அழுதா உடம்புல தண்ணி இன்னும் குறையும். கண்ணைத் துடை" என்றார். பாட்டிலில் மிச்சத் தண்ணீரை ஊற்றினார். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். வந்து காரில் ஏறிவிட்டார்.

துரை திரும்பிப் பார்த்தார். "இன்னா சார் இது, ஸ்டாப் ஸ்டாப்பா நிறுத்தி ஆள் ஏத்திக்கினு போறோம். டிக்கெட் கிழிக்கவா?"

என் வீட்டுக்காரர் முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா" என்றார் அண்ணி. "பொண்டாட்டி உள்ளே துவண்டு கிடக்கிறா. நீ வண்டியில உக்காந்து மணி பார்த்துக்கிட்டு இருக்கே?"

"நீதானே உன் வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு சொன்னே?"

"சொன்னா மிதிக்காம இருந்துடுவியா? இத்தனை வருஷமா?"

"சொன்னியா இல்லையா?"

"அந்தப் பத்திரிகையைத் தபால்ல போட்டது யாரு?"

இவர் கொஞ்சம் இழுத்தார். "நான்தான். கூட இருந்த கட்டோட சேர்த்து ஒட்டிட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பாட்டிலைப் பார்த்தேன். "இத்தனை நாள் இவளையில்லடா திட்டிக்கிட்டு இருந்தேன்!" என்று பின்னாலிருந்து இவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"பின்கோடு எல்லாம் சரியாத்தான் போட்டிருந்தேன்" என்றார் இவர், தோளைத் தேய்த்துக்கொண்டே.

சைதாப்பேட்டைப் பாலம் வந்தது. துரை வண்டியை மெதுவாக்கினார். "சைதாப்பேட்டை. எறங்கணுமா?" மூன்று பேரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று தலையாட்டினேன். "கிண்டி?" தலையாட்டினேன். "பரங்கிமலை?" வேண்டாம். மீனம்பாக்கம் வரைக்கும் அவர் ஸ்டாப் பேர் சொல்லிக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் வாட்சைப் பார்த்து, "கரெக்ட் டைம்" என்றார். அவ்வளவு தூரம் நிறுத்தி வந்தும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம். என்னை எவ்வளவு முன்னாலேயே அவர் கிளப்பியிருந்தார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிறுத்தி அண்ணி என் முகத்தைத் துடைத்தார். தன் கைப்பையிலிருந்து பவுடர் எடுத்துப் பூசினார். குங்குமத்தைச் சரி செய்தார். இரண்டு கன்னத்தையும் நறுக்கென்று கிள்ளினார். "இப்பத்தான் கொஞ்சம் ரத்தம் தெரியுது. உள்ளே யார் கேட்டாலும் சிரி. கேக்கலைன்னாலும் சிரி. சிரிக்கிறவளை நோயாளின்னு யாரும் சொல்ல மாட்டான்."

அப்படியே செய்தேன். பாஸ்போர்ட் பார்த்தவரைப் பார்த்துச் சிரித்தேன். பெட்டியை எடை போட்டவரைப் பார்த்துச் சிரித்தேன். துப்பாக்கி வைத்திருந்தவரைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தேன். அவர், "என்னம்மா, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டுவிட்டார். ஆனால் யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.

விமானத்தில் அந்தக் கதவை ஒரே ஒரு தடவைதான் திறந்தேன். அதுவும் தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது என்று பார்க்க. சாதாரணத் தாழ்ப்பாள். இப்படித் தள்ளினால் மூடும், அப்படித் தள்ளினால் திறக்கும். அங்கே நின்றபடியே அந்த மாதுளந்தோலை நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளைதான் ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துப் போனார். கீதா கதவைத் திறந்தாள். வயிறு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். "அம்மா! என்னம்மா இப்படி வாடிப் போயிட்டே? உடம்புக்கு ஏதாவது…"

சிரித்தேன். அது அன்றைக்குப் பழகிப்போயிருந்தது. "ஒண்ணுமில்லடி, நல்லாத்தான் இருக்கேன். நீ போய் உக்காரு" என்றேன்.

அந்த வாரமே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். இருந்த மாசமெல்லாம் எனக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை. காய்ச்சின தண்ணீர் குடித்தேன், கை கழுவினேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து இதைப் பங்கஜம் மாமியிடம் சொன்னேன். மாமி ரொம்பச் சந்தோஷப்பட்டாள். "பார்த்தியா? எல்லாம் அந்த விளக்கெண்ணெய்தாண்டி!" என்றாள். அதற்கு நான் என்ன சொல்வது? ஆமா மாமி என்றேன். மாமி கடைசி வரைக்கும், வெளிநாடு கிளம்புகிறவர்கள் எல்லாருக்கும் என்னைத்தான் உதாரணம் சொன்னாள்.

திரும்பி வந்த அன்றைக்கு மறுநாள், கோடாலித் தைலமும் குழந்தை போட்டோவும் எடுத்துக்கொண்டு நந்தனம் போனேன். இந்தத் தடவை வேறு காரணம் எதுவும் இல்லாமல்தான் போனேன். அண்ணி போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். காப்பி கொடுத்தார். சமையல்கட்டு ஆணியில் அந்த மஞ்சள் பை கத்தரிக்காயோடு தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். எழுந்து போய்க் காயைத் தட்டில் கொட்டிவிட்டு, பையை என் எதிரே விரித்துப் பிடித்தார். பளிச்சென்று சிவப்பு எழுத்து.

"சித்ரா, முருகானந்தம். திருமண விழா" என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். "இவங்க நமக்கு எந்த வழியில சொந்தம் தனம்?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். "எப்ப பார்த்தீங்க அண்ணி?"

"நீ உள்ள ஓடினதுமே பார்த்துட்டேன். கதவுக்கு வெளியில நின்னுக்கிட்டு அத்தனை நேரம் என் கையில வேற என்ன இருந்துச்சு?"

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லலை?"

அண்ணி பையை மடித்தார். இரண்டாக, நான்காக, நன்றாக நீவி மடித்தார்.

"யார் வீட்டுத் தாம்பூலமா இருந்தா என்ன? நீ கையில குடுத்தே. தபால்ல அனுப்பலையே."

இதை அண்ணியே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் விமானம் ஏறினாலும் பாஸ்போர்ட் இருக்கிறதா, டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பது அப்புறம்தான். முதல் கேள்வி, "சித்ரா முருகானந்தத்துக்குச் சொல்லியாச்சா?" சென்ற வருஷம் என் பேத்தி வெளிநாடு படிக்கப் போனபோது, கடைசி சமயத்தில் ஏர்போர்ட்டுக்குள்ளேயிருந்து கை காட்டி அவள் எங்களைக் கேட்டதும் அதுதான். அண்ணி இப்போது இல்லை. பை என்னிடம் இருக்கிறது. எழுத்து அழிந்துவிட்டது.

நான் எழுதினதில் தப்பு இருக்கலாம். மண்டபம் ஆழ்வார்ப்பேட்டை என்று நான் சொல்கிறேன். தேனாம்பேட்டைப் பக்கம் என்று இவர் சொல்கிறார். பையில் முதலில் பெண் பேர் இருந்ததா, மாப்பிள்ளை பேர் இருந்ததா என்பதும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மலர் போடுகிறவர்கள் யாராவது விசாரித்துச் சரிபார்த்துப் போட வேண்டும். அந்தச் சித்ராவும் முருகானந்தமும் எங்கேயாவது இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்யாண ஆல்பத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் அரக்குப் பட்டு கட்டின ஒரு அம்மா நிற்பார், யாரென்று உங்கள் இரண்டு வீட்டுக்கும் தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் இதனால் உங்களுக்குள் சண்டை வந்திருந்தால் மன்னிக்கணும். அந்தப் படத்தில் நான் கண்ணைத் திறந்திருக்கிறேனா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.